சோறு அடைத்த கல்

வைத்தியர்களைப் போலச் சாமிகளுக்கும் ஆளுக்கொரு துறை உண்டு போலிருக்கிறது. ஜப்பானில் மலையோர ஊர் ஒன்றில் ஒரு ஷிண்டோ கோயில். அந்தச் சாமியிடம் பிள்ளை வரம் கேட்டுப் பயனில்லை, வயிற்று வலிக்கும் தீர்வு கிடையாது. காது மட்டும்தான். தானாக ஓட்டை விழுந்த கல்லாகப் பார்த்து ஓடையிலிருந்து எடுத்து வந்து சந்நிதியில் வைத்தால், அடைத்த காது திறக்கும் என்பது ஊரார் நம்பிக்கை.

துறவி தைகென்னுக்குக் காது போய் வருஷக்கணக்காகிறது. "அங்கே கூட்டிப் போ, கூட்டிப் போ" என்று அவருடைய சீடன் ஷுன்போவை ஊரே நச்சரித்தது. மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வான்?

அவனுக்கு ஒரு பழக்கம். காலையில் சுடச்சுடக் கஞ்சி ஊற்றுவான். முகம் சிரிக்கும். வாய் மட்டும், "குடி கிழமே, குடி. நீ போய்ச் சேர்ந்தாத்தான் எனக்கு விடிவு" என்று சொல்லும். குருவும் தலையாட்டிக்கொண்டே குடிப்பார்.

பழகிய நாக்கு சும்மா இருக்குமா? நாளைக்கே அவருக்குக் காது கேட்டுவிட்டால் மானம் கப்பலேறிவிடும். அப்புறம் மடத்தில் இடம் ஏது?

வேறு வழியில்லாமல் ஓடையில் ஓட்டைக் கல் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு குருவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனான். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஒகினு அம்மாள் கல்லை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல கல்லுதான் சாமி. ஓட்டையில மண்ணு கிண்ணு அடைச்சிருந்தா எடுத்துட்டு வைங்க. அடைச்ச கல்லை வச்சா வேண்டுதல் பலிக்காது."

சொல்லிவிட்டுப் பெருக்கப் போனாள். குரு கை கழுவிக்கொண்டிருந்தார். ஷுன்போ மூட்டையிலிருந்த சோற்று உருண்டையில் ஒரு கிள்ளு எடுத்து ஓட்டையில் திணித்தான். கல்லைச் சந்நிதியில் வைத்தான். கைதட்டி, குனிந்து, கண்ணை மூடிக் கும்பிட வேறு செய்தான், பாவி.

கண்ணைத் திறந்தபோது கல் குருவின் கையில் இருந்தது. ஓட்டையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் சோற்றைத் தோண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சோத்தை வீணாக்கக் கூடாது" என்றார்.

ஷுன்போ மூட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"எதுக்குடா இவ்வளவு பாடு? எனக்குக் காதுதான் போச்சு, கண்ணு போகலையே. உதடு அசையறதைப் பாத்தே பேச்சைப் புரிஞ்சுக்கப் பழகி ரொம்ப நாளாச்சு."

அப்படியானால் அத்தனை காலையும்? கஞ்சி ஊற்றும்போது சொன்னதெல்லாம்? பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. அழுகையில் குரல் எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அன்னைக்கே என்னைத் துரத்தியிருக்கலாமே, குருவே?"

குரு அந்த உதட்டைப் பார்த்து முடித்தார். கல்லை மறுபடி சந்நிதியில் வைத்தார்.

"தினமும் துரத்தணும்னுதான் நெனைப்பேன். அப்புறம் கஞ்சியை வாயில வைப்பேன். ஒரு நாளாவது அது ஆறிப் போயிருக்கணுமே, ஷுன்போ?"