ராங்கிக் கோழியும் லில்லி இலையும்

ஒரு ஊர்ல ஒரு கோழி. பேரு ராங்கி. அந்தத் தெருவே தன்னோடதுங்குற மாதிரிதான் டக் டக்குன்னு நடக்குமாம். நீ "ம்" கொட்டிக்கிட்டே கேளு. ஆங்.

அத வளத்தவ பிலோமினாக்கா. அவளுக்கு உசுரே தோட்டத்து லில்லிச் செடிங்கதான். ஒருநாள் காலைல பாத்தா, இலையெல்லாம் பாழாக் கெடக்கு! "அடியே ராங்கி, உன் வேலதானா? இன்னைக்கு நீ கொழம்புதான்!"ன்னு கத்திட்டு, கரகரன்னு மசாலா அரைக்க உக்காந்துட்டா.

ராங்கிக்கு பயம் ஒரு பக்கம், ரோசம் ஒரு பக்கம். "நான் பண்ணாததுக்கு நான் சாவணுமா?"ன்னு குடுகுடுன்னு நத்தைகிட்ட ஓடுச்சு. "நீ தின்னியா?" "நான் ஊர்ந்தா பளபளன்னு கோடு விழுமே, இருக்கா பாரு"ன்னுச்சு நத்தை. கோடே இல்ல. அப்புறம் வெட்டுக்கிளிகிட்ட போச்சு. "நான் ஓரத்துலதான் கறுக் கறுக்குன்னு கடிப்பேன்." ஓரம் முழுசா இருந்துச்சு. அப்புறம் ஆட்டுகிட்ட போச்சு. "நான் வாய வச்சா இலை ஏது, மொட்டைதான்!"ன்னுச்சு ஆடு.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்போ ராங்கி திரும்பி வந்து, தலைய சாச்சு ஒத்தக் கண்ணால இலைய உத்துப் பாத்துச்சு. பச்சையெல்லாம் போயி, வெங்காயச் சருகாட்டம் தோல் மட்டும் நிக்குது. உள்ள என்னமோ கறுப்பா நெளியுது. இலைக்குள்ளயே திருடன்!

அக்காகிட்ட எப்படிச் சொல்றது? கோழி பேசுனா அவளுக்கு வெறும் கொக்கொக்குதானே. அப்போ அது என்ன பண்ணுச்சு தெரியுமா? அக்கா பாக்குறப்பவே ஒரு நல்ல இலையப் பர்ர்ருன்னு கிழிச்சுது!

"அடிப்பாவி, என் கண்ணு முன்னாடியேவா!" கத்தியோட ஓடி வந்தா அக்கா. வந்தவ அப்படியே நின்னுட்டா. ராங்கி கிழிச்ச இலை நார் நாராக் கிழிஞ்சிருக்கு. காலைல பாழாக் கெடந்த இலை கிழியவே இல்ல, உள்ளதான் அரிச்சிருக்கு. ராங்கி அதுல டொக்குன்னு ஒரு கொத்து. பொத்துப் பொத்துன்னு விழுந்துது, கறுப்பும் வெள்ளையுமா புழுங்க! ஒண்ணக் கொத்திப் பாத்துட்டு, "தூ, கசப்பு!"ன்னு துப்பிடுச்சு.

அக்காவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "உன்னப் போயி சந்தேகப்பட்டேனேடி! எம்புட்டு அறிவு என் தங்கத்துக்கு!"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னா. அரைச்ச மசாலாவுல அன்னைக்கு உருளைக்கிழங்குதான் வெந்துச்சு.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வாடிப்போன ரோஜாத் தொட்டியத் தூக்கிட்டு வந்து நின்னா. "இதுக்கு என்ன வியாதின்னு உங்க கோழியக் கொஞ்சம் பாக்கச் சொல்லுக்கா."

பிலோமினாக்கா இடுப்புல கைய வச்சுக்கிட்டுச் சொன்னா: "அப்படி ஓரமா உக்காரு. டாக்டரம்மா முட்டை போட்டுட்டு இருக்காங்க."

அவங்க முட்டையும் போட்டாச்சு, நம்ம கதையும் ஆச்சு. கண்ண மூடு செல்லம்.