விளிம்பைத் தொடப் போனவள்

அந்தக் காலத்தில் வானம் இத்தனை பெரிதாக இல்லை. நட்சத்திரங்கள் பனை உயரத்துக்குச் சற்று மேலே நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. கீழிருந்து ஒரு குருவி பேச்சுக் கொடுத்தால், அது வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும்.

கரிசல் காட்டில் கொண்டையன் என்றொரு வானம்பாடியும் அவன் மனைவி வெள்ளச்சியும் தரையில் கூடு கட்டி வாழ்ந்தார்கள். நட்சத்திரங்களோடு நாலு வார்த்தை பேசாமல் அவர்களுக்குப் பொழுது போகாது. ஒரு கோடையில் பதில்கள் தாமதமாக வரத் தொடங்கின. முதலில் ஒரு தினையைக் கொத்தி விழுங்கும் நேரம் ஆனது. பிறகு ஒரு புஞ்சையையே மேய்ந்து முடிக்கும் நேரம் ஆனது.

"அதுகளுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு" என்றது கவுதாரி.

கொண்டையனுக்கு மனசு ஆறவில்லை. கூட்டில் முட்டைகள் இருந்தன. பிறக்கப்போகும் குஞ்சுகளுக்கு வானமே இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தான்.

"நீங்க அடைகாத்துக்கிட்டு இருங்க. நான் போய் என்னன்னு பாத்துட்டு வாரேன்" என்றாள் வெள்ளச்சி. "வழி நெடுகப் பாடிக்கிட்டே போறேன். பாட்டு கேக்குற வரைக்கும் கவலைப்படாதீங்க."

அவள் ஏறினாள். பாட்டு மெலிந்துகொண்டே போனது. வெகுநேரம் கழித்து அவள் குரல் வந்தது.

"ஏங்க, யாரும் நம்மகிட்ட கோவிச்சுக்கலை. பருத்திக்காய் வெடிச்சு விரியும்போது கொட்டையெல்லாம் தள்ளித் தள்ளிப் போகுமே, அந்த மாதிரி வானமே விரியுது. ஒவ்வொரு நட்சத்திரமும், என்னைய விட்டுட்டுத்தான் எல்லாம் போகுதுன்னு அழுவுது."

அப்புறம் அதைவிட வெகுநேரம் கழித்து, "இதுக்கு அங்கிட்டு இன்னொரு நட்சத்திரக் கூட்டம் இருக்கு. அதுக்கும் அங்கிட்டு இன்னொண்ணு. விளிம்பையே காணோம். திரும்பட்டுமா?" என்று கேட்டாள்.

திரும்பி வா என்று சொல்லியிருக்கலாம். கொண்டையனை ஆசை விடவில்லை. முடிவு எங்கே இருக்கிறதென்று பார்த்துவிடும் ஆசை பொல்லாதது.

"இம்புட்டுத் தூரம் போயிட்ட. விளிம்பைத் தொட்டுட்டே வா, புள்ள!" என்று கத்தினான்.

அதற்குப் பிறகு பாட்டு வரவில்லை.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் சிவந்த வாயைத் திறந்துகொண்டு கத்தின. அவற்றைப் பார்த்தபோதுதான் தான் செய்தது என்னவென்று கொண்டையனுக்கு உறைத்தது. வெள்ளச்சி சொன்ன சொல் தட்டாதவள். தொடாமல் திரும்ப மாட்டாள். அந்த விளிம்போ அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். பாவி, என் வாயாலேயே அனுப்பிவிட்டேனே என்று அழுதான்.

விடிந்ததும் அவன் நேர் மேலே பறந்தான். "வேணாம், வந்துரு! தொட வேணாம், வந்துரு!" என்று மூச்சுவிடாமல் பாடினான். உச்சிக்குப் போனதும் ஒரு சந்தேகம் வந்தது. தன் சத்தமே அவள் பதிலை மறைத்துவிட்டால்? சட்டென்று பாட்டை நிறுத்திக் காது கொடுத்தான். காற்றுதான் கேட்டது. கீழே குஞ்சுகள் பசியில் கத்தின. சிறகை மடக்கிக்கொண்டு தரைக்கு விழுந்தான்.

அன்று முதல்தான் வானம்பாடி பாடிக்கொண்டே நேர் மேலே ஏறுகிறது, உச்சியில் பாட்டை நிறுத்திக் காது கொடுக்கிறது, பிறகு கல்லைப்போல் தரைக்கு விழுகிறது. வெள்ளச்சியின் பதில் எப்போதோ கிளம்பிவிட்டது என்றுதான் இன்றும் அது நம்புகிறது. வழிதான் நீண்டுகொண்டே போகிறது.