பன்னிரண்டிலிருந்து மூன்று வரை

குடியாத்தத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார் சாயிரா. வயது முப்பத்து மூன்று. அவரிடம் தொழில் கற்க வந்த ஏகாம்பரத்துக்கு ஐம்பத்து நான்கு.

ஏகாம்பரம் இருபத்தாறு வருடம் தோல் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். ஆலை மூடியபின் இங்கே வந்து நின்றார். தன் மகள் வயதுள்ளவரை அவர் "டீச்சர்" என்றார். சாயிரா அவரை "அண்ணா" என்றார். எட்டு மாதமாக இருவருக்கும் அது பொருந்திப் போயிருந்தது.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம், கஸ்தூரி என்ற அம்மாள் கடைக்குப் போன் செய்தாள். வீட்டில் உள்ள கம்ப்யூட்டர் மதியமானால் தானாக அணைந்து போகிறதாம்.

"சூடாகுது. அவ்வளவுதான்," என்றார் ஏகாம்பரம். "நானே போய்ப் பார்த்துட்டு வரேன் டீச்சர்."

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனார். கஸ்தூரி வாசலில் இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் அவள் கணவர் தயாளன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஏகாம்பரம் பெட்டியைத் திறந்து, விசிறியில் அப்பியிருந்த தூசியை ஊதி எடுத்தார். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். நன்றாக ஓடியது.

"ஐம்பத்தெட்டு டிகிரிதான் காட்டுது டீச்சர்," என்றார் கடைக்கு வந்து.

அன்று மதியம் இரண்டு மணிக்கு அது அணைந்தது.

மறுபடி காலையில் போய், சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினார். புது விசிறி மாட்டினார். ஐம்பத்து மூன்று டிகிரி. மதியம் அணைந்தது. மூன்றாவது முறை மின்சாரம் கொடுக்கும் பெட்டியையே மாற்றினார். காலையில் ஐம்பத்திரண்டு. மதியம் கஸ்தூரியின் போன் வந்தது. இந்த முறை அவள் பேசவில்லை, அழுதாள்.

"எங்க வீட்டுக்காரர் மூணு நாளா எழுதினதெல்லாம் போச்சுங்க. மேசையை அடிச்சு கை வீங்கிப் போச்சு."

ஏகாம்பரம் போனை வைத்துவிட்டு சாயிராவின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"நான் எதை விட்டுட்டேன் டீச்சர்?"

சாயிரா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்குப் போங்கண்ணா. மூணு மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்துட்டு வாங்க."

"என்ன செய்யணும்?"

"உட்காரணும்."

"என்னென்ன கருவி எடுத்துக்க?"

"பையை இங்கேயே வெச்சுட்டுப் போங்க."

ஏகாம்பரத்துக்கு அது தண்டனை போலத்தான் பட்டது. ஆனாலும் போனார்.

மதியத்தில் அந்த வீடு வேறாக இருந்தது. மேலே சிமென்ட் ஷீட் கூரை. கம்ப்யூட்டர் மேற்குச் சுவரோரம் ஓர் அலமாரிக்குள் இருந்தது. சுவரில் கை வைத்தால் சுட்டது. வடக்கே ஒரு ஜன்னல், இறுக்கிச் சாத்திக் கொக்கி போடப்பட்டிருந்தது.

கஸ்தூரி தயாளனைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். மாவு வேலை முடிந்த பிறகுதான் அவளால் அது முடியும் என்று அப்போதுதான் ஏகாம்பரத்துக்குத் தெரிந்தது. தயாளனின் வலப்பக்கம் விழுந்திருந்தது. வாய் ஒரு புறம் இழுத்திருந்தது. பேச முயன்றால் எச்சில்தான் வந்தது.

"கபடிப் போட்டின்னா இவர்தாங்க மைக்ல பேசுவார்," என்றாள் கஸ்தூரி தாழ்ந்த குரலில். "இவர் குரலுக்காகவே நாலு ஊர்லேர்ந்து வண்டி கட்டிக்கிட்டு வருவாங்க. பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாச்சு. இந்தப் பக்கத்து டீம், ஆட்டக்காரங்க, யாரு யாரைப் பிடிச்சாங்க, எல்லாத்தையும் எழுதறார். ஞாபகம் இருக்கும்போதே எழுதிடணுமாம்."

தயாளன் இடக்கை விரல் ஒன்றால் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு வரிக்குப் பத்து நிமிடம் ஆனது. அவர் முதுகில் பனியன் ஒட்டிக் கிடந்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கும் கையால்தான் எழுதவும் வேண்டும். அவர் துடைக்கவில்லை, எழுதினார்.

ஒரு மணிக்கு ஏகாம்பரத்துக்கு மூச்சு முட்டியது. ஒன்றே முக்காலுக்கு விசிறி இரைந்தது. இரண்டு மணிக்குத் திரை கறுத்தது.

தயாளன் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று மேசையை அடிக்கவில்லை.

ஏகாம்பரம் எழுந்து ஜன்னலிடம் போனார். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சொல் இல்லை. ஆனால் 'வேண்டாம்' என்று புரிந்தது.

"திறக்க விடமாட்டார்," என்றாள் கஸ்தூரி. "வெளியே டீக்கடை. எல்லாரும் தெரிஞ்சவங்க. முதல் மாசம் திறந்துதான் வெச்சிருந்தோம். ஒருத்தர் எட்டிப் பார்த்துட்டு, ஐயோ தயாளனா இதுன்னு சத்தமா சொல்லிட்டார். அன்னைக்குச் சாத்தினது."

ஏகாம்பரம் கொக்கியிலிருந்து கையை எடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு தன் வலது கைப் பொத்தானைக் கழற்றி, முழுக்கைச் சட்டையை மெதுவாக மேலே சுருட்டினார்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெந்து, சுருங்கி, பளபளத்துக் கிடந்தது.

"ஆலையில ஆசிட் ட்ரம் வெடிச்சது. பதினோரு வருஷம் ஆச்சு," என்றார். "எவ்வளவு வெயில் அடிச்சாலும் முழுக்கைதான் போடுவேன். என் சம்பந்தி வீட்டுக்காரங்ககூட இதைப் பார்த்ததில்ல."

தயாளன் அந்தக் கையைப் பார்த்தார். தொட்டுப் பார்க்கலாமா என்பதுபோல இடக்கையை நீட்டி, பாதியில் நிறுத்தினார். ஏகாம்பரம் கையை இன்னும் கொஞ்சம் முன்னே நகர்த்தினார்.

மூன்று மணி தாண்டிவிட்டது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு தயாளன் தன் ஒற்றை விரலை உயர்த்தி ஜன்னலைக் காட்டினார்.

துரு ஏறிய கொக்கி லேசில் வரவில்லை. கஸ்தூரி ஒரு கதவையும் ஏகாம்பரம் ஒரு கதவையும் இழுத்தார்கள். வெளியே புங்க மரத்து நிழல். காற்று பெரிதாக இல்லை, ஆனால் வந்தது. இருவருமாக அலமாரியிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்து ஜன்னலோரம் ஒரு பெஞ்சில், சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி வைத்தார்கள். தயாளனின் நாற்காலியையும் அங்கே நகர்த்தினார்கள்.

டீக்கடை வாசலில் ஒருவர் கிளாசோடு திரும்பினார். பார்த்தார். தயாளனின் முகம் இறுகியது.

"என்ன தயாளா," என்றார் அவர். "செமி ஃபைனல்ல நம்ம பசங்க தோத்துட்டானுங்க, தெரியுமா?"

தயாளன் வாயைத் திறந்தார். சத்தம் கோணலாகத்தான் வந்தது. டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

அடுத்த நாலு நாளும் கம்ப்யூட்டர் அணையவில்லை.

ஐந்தாம் நாள் ஏகாம்பரம் கடையில் சாயிராவின் எதிரில் வந்து நின்றார்.

"ஜன்னல்தான் காரணம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"தெரியாதுண்ணா. நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லையே."

"அப்புறம் எதை வெச்சு என்னை அங்க உட்காரச் சொன்னீங்க?"

சாயிரா வேலையிலிருந்து தலை நிமிர்த்தினார்.

"மூணு தடவை போயிட்டு வந்து, பெட்டி எத்தனை டிகிரின்னு சரியா சொன்னீங்க. அதுக்குப் பக்கத்துல உட்கார்ற ஆளுக்கு எப்படி இருக்குன்னு ஒரு தடவைகூடச் சொல்லலையேண்ணா."