கதையால் காத்த கரை

செங்குளம் சீமைக்கு எதைப் புதிதாகக் கொண்டுவந்தாலும் வந்த அன்றே அது பழசாகிவிடும். அதற்கென்றே அரண்மனையில் ஒருவர் இருந்தார். ஆதிமூலப் பண்டிதர் என்று பெயர்.

கப்பல் வியாபாரி ஒருவன் தூரத்தைக் கிட்டக் காட்டும் குழாயைக் கொண்டுவந்தான். "நம் முனிவர்கள் கண்ணை மூடிக்கொண்டே இதைவிடத் தூரம் பார்த்தார்கள்" என்றார் பண்டிதர். மணியடிக்கும் கடிகாரம் வந்தது. "நம் சேவலைப் பார்த்துச் செய்திருக்கிறான்" என்றார். ராஜா விருப்பராயருக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாமல் எல்லாம் தம் முன்னோர் செய்ததாகிவிடுகிறதே! அந்த மகிழ்ச்சியில் ஒரு சட்டமே போட்டுவிட்டார். ராஜவம்சப் புராணத்தை யாராவது 'வெறும் கதை' என்று சொன்னால் நாடு கடத்தல்.

மந்திரி மயிலேறிக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். வாயைப் பொத்திக்கொள்வார். ஆனால் அந்தப் புரட்டாசியில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வீடு பெரிய ஏரிக்குக் கீழே, கீழூரில் இருந்தது. அவரோடு இன்னும் முந்நூறு வீடுகளும் இருந்தன.

மடை காக்கும் சோணைமுத்து சபைக்கு ஓடிவந்து கும்பிட்டார்.

"மகாராசா, மடைக்குப் பக்கத்துல கரை வெடிச்சிருக்கு. கையை விட்டா முழங்கை வரைக்கும் உள்ள போகுது. ஐப்பசி மழைக்குத் தாங்காது சாமி. எட்டாயிரம் கூடை மண்ணாவது வேணும். ஊர் ஆளுக அத்தனை பேரும் வரணும்."

ஊர் ஆட்கள் அத்தனை பேரும் அப்போது அரண்மனை வாசலில் மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பண்டிதர் புதிதாக எழுதப்போகும் புராணத்தின் அரங்கேற்றத்துக்காக. பண்டிதர் விடுவாரா?

"மண் எதற்கு மகாராஜா? பழைய புராணத்தில் என்ன இருக்கிறது? 'ஆதிராயர் கதையால் வெள்ளம் தடுத்தார்!' அந்தக் கதாயுதம் நம் ஆயுதசாலையில்தானே இருக்கிறது? கரைமேல் நட்டுப் பூசை போட்டால் தீர்ந்தது."

"பேஷ்!" என்றார் ராஜா.

மயிலேறி இல்லை என்று சொன்னால் நாடு கடத்தல். ஆமாம் என்று சொன்னால் கீழூர் ஏரிக்குள். ஒரு கணம் யோசித்தார். பிறகு பரம பக்தியோடு கைகூப்பினார்.

"பண்டிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒரே ஒரு மனக்குறை மகாராஜா. ராஜவம்சத்துக் கதாயுதத்தைக் கரையில் அநாதையாக விடலாமா? அதன் மகிமை தெரிந்தவர் அல்லவா பக்கத்தில் இருக்க வேண்டும்? வெடிப்புக்கு நேர் கீழே ஒரு குடில் போட்டுத் தருகிறேன். மழைக்காலம் முடியும்வரை பண்டிதர் அங்கேயே தங்கட்டும்."

"ஆகா, அதுவும் பேஷ்!" என்றார் ராஜா.

கதாயுதத்தைக் கரைமேல் நட்டார்கள். பண்டிதர் சுவடிகளைக் கட்டிக்கொண்டு குடிலுக்குக் குடிபோனார்.

ஐப்பசி பிறந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் முதல் மழை ஒரு பாட்டம் கொட்டியது. கதாயுதத்தின் பிரதாபத்தைப் பார்க்க ராஜா குடையோடு கரைக்கு வந்தார். அவர் கரை ஏறவும், வெடிப்பிலிருந்து தண்ணீர் பீச்சியடித்துக் குடிலின் கூரையைத் தூக்கவும் சரியாக இருந்தது. பண்டிதர் வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் மேலே ஏறிவந்தார்.

"மண்! மண்! சீக்கிரம் மண் கொண்டு வாருங்கள்!"

ராஜாவோடு வந்திருந்த மயிலேறி நிதானமாகக் கேட்டார். "மண்ணா? புராணத்தில் மண்ணே வரவில்லையே பண்டிதரே?"

"புராணம் கிடக்கட்டும் ஐயா!"

"பதறாதீர்கள். கதைதான் இருக்கிறதே?"

"ஐயோ, அது கதை ஐயா!"

"அதைத்தானே நட்டு வைத்திருக்கிறோம்."

"கையில் பிடிக்கிற கதை இல்லை ஐயா! வாயால் அளக்கிற கதை! வெறும் கதை!"

சொல்லி முடித்துத் திரும்பினால் குடைக்குக் கீழே ராஜா. பண்டிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"மகாராஜா, இதைச் சொன்னது நான் இல்லை" என்றார் மயிலேறி.

ராஜா பண்டிதரைப் பார்த்தார். பீச்சியடிக்கும் தண்ணீரைப் பார்த்தார். பக்கத்தில் குத்துக்கல் மாதிரி நின்ற கதாயுதத்தைப் பார்த்தார். குடை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். உடனே மண்டபத்து ஆட்கள் அத்தனை பேரையும் கரைக்கு வரச் சொன்னார்.

"இவரை நாடு கடத்திவிடலாமா மயிலேறி?"

"வேண்டாம் மகாராஜா. எட்டாயிரம் கூடை சுமக்கிறவர்களுக்கு அலுப்புத் தெரியக் கூடாது. பண்டிதர் கரைமேல் நின்று ஆதிராயர் கதையைச் சொல்லட்டும். அதை அவர்போல் சொல்ல ஆள் கிடையாது."

உண்மையும் அதுதான். பண்டிதர் சொல்லச் சொல்ல ஆட்களுக்குக் கால் வலி மறந்துபோயிற்று. வெள்ளம் ஆதிராயரின் மார்புவரை ஏறிய கட்டத்தில் மயிலேறியே தலையில் கூடையோடு வாய் பிளந்து நின்றுவிட்டார். சோணைமுத்து வந்து அதட்டித்தான் நகர்த்த வேண்டியிருந்தது. மழையும் தயவு பண்ணி விட்டுக்கொடுத்தது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் வெடிப்பு அடைபட்டது. கீழூர் பிழைத்தது.

"மயிலேறி, என்ன வேண்டுமோ கேள்!" என்றார் ராஜா.

"புதுப் புராணத்தில் இந்தக் கரையைப் பற்றி எப்படியும் எழுதுவார்கள் மகாராஜா. இந்தத் தடவையாவது மண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஆதிராயர் காலத்திலும் மண் போட்டுத்தான் இருப்பார்கள். எழுதினவர் சுமக்கவில்லை, அதனால் விட்டுப்போயிற்று."

ராஜா மறுபடியும் சிரித்தார். கடைசிக் கூடையைத் தம் கையாலேயே தூக்கிப் பண்டிதர் தலையில் வைத்தார். பண்டிதர் தள்ளாடித் தள்ளாடிக் கொண்டுபோய்க் கொட்டினார்.

தை மாதம் புதுப் புராணம் அரங்கேறியது. அதில் ராஜாவுக்கு நாலு பாட்டு இருந்தது. சோணைமுத்துவும் ஊராரும் சுமந்த மண்ணுக்கு அரைப் பாட்டு இருந்தது. பண்டிதர் சுமந்த அந்த ஒரு கூடைக்கு மட்டும் நாற்பது பாட்டு இருந்தது.