வளைகோடுகளுக்கு நடுவே தினை

"எனக்கும் எங்க அண்ணனுக்கும் கணக்கு நேராயிடுச்சும்மா. இனி நான் எதுக்குப் போகணும்?"

கேட்டவர் மாசிலாமணி. தலை நரைத்த பிறகு கணக்குப் படிக்கக் கிளம்பிய ஆசாமி. ஆற்றங்கரை மடத்தில் அவருக்குக் குருவாக வாய்த்த மங்களநாயகி அம்மைக்கோ மகள் வயதுதான் இருக்கும்.

அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடந்தார். தம்பியை ஒருமுறை பார்க்க வேண்டுமென்று ஆள் அனுப்பியிருந்தார்.

"என்ன நேராச்சு?"

"சின்ன வயசுல அவர் மூட்டை சுமந்து என்னைப் படிக்க வச்சார். அவர் நொடிச்சுப்போனப்ப நான் அவர் பிள்ளைங்களைப் படிக்க வச்சேன். அதுல இதைக் கழிச்சா மிச்சம் ஒண்ணுமில்லன்னு ஒரு சண்டையில ரெண்டு பேருமே சொல்லிட்டோம். அதோட பேச்சு நின்னுபோச்சு."

போங்கள் என்றும் அம்மை சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. சுண்ணக்கட்டியால் மண்டபத்துக் கல்தரையில் இரண்டு வளைகோடுகள் வரைந்தார்.

ஒரே புள்ளியில் புறப்பட்டன. சரிபாதியில் ஒன்றையொன்று வெட்டி மேல் கீழாக மாறின; இரண்டு பக்கத்து இடைவெளியும் ஒரே அளவு. கடைசியில் மறுபடி ஒன்றுசேர்ந்தன.

"ரெண்டுக்கும் நடுவுல பரப்பு எவ்வளவு, ஐயா?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல மாசிலாமணி சிரித்தார். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் தொகையிட்டார்.

"முன்பாதியில கூட வந்தது பின்பாதியில குறைஞ்சு அடிபட்டுப்போச்சு. பூஜ்யம்."

அம்மை உள்ளே போய்க் குருவிகளுக்கு வைத்திருந்த தினைப் பையை எடுத்து வந்தார். கோடுகளுக்கு நடுவே கொட்டிப் பரப்பினார். இரண்டு பக்கமும் நிறைந்தபோது பை காலியாகியிருந்தது.

"பூஜ்யத்துக்குள்ள இவ்வளவு கொள்ளுமா?"

மாசிலாமணி குனிந்து பார்த்தார். விரல் தானாகவே வெட்டும் புள்ளிக்குப் போனது.

"தப்புப் பண்ணிட்டேன். இங்க நிறுத்தியிருக்கணும். இதுக்கப்புறம் கீழ இருந்தது மேல வந்துடுது. தனித்தனியா கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சு?"

"கூட்டணும்."

"கழிக்கக் கூடாதா?"

"கூடாதும்மா."

அம்மை முதல் பாதியைத் தொட்டார். "இங்க மேல இருக்கறது எது?"

"அண்ணன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மூட்டை சுமந்து காய்த்துப்போன அந்தத் தோள் நினைவுக்கு வந்தது. நன்றியில் அழுகை பொங்கிக்கொண்டு வர, அடக்காமல் அழுதார்.

அழுது முடித்ததும் தோள்துண்டை விரித்தார்.

"இந்தத் தினையை நான் எடுத்துக்கட்டுமாம்மா? அண்ணனுக்குத் தினைமாவுன்னா உசுரு."

"எந்தப் பக்கத்தை?"

இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வழித்து அள்ளி, மாசிலாமணி முடிச்சுப் போட்டார்.

"ஊருக்கு அடுத்த பஸ் எப்பம்மா?"