கேட்டது வரவில்லை

ஆற்றங்கரை மடத்துக்குச் சாமான் வாங்கிப்போடும் பொறுப்பு பூவராகனுடையது. தபால் இலாகாவில் ஓய்வு பெற்று மடத்தில் சேர்ந்தவர். அவருடைய குருவான தவமணி அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

அன்று காலை பூவராகன் போனைத் தரையில் வீசியடிக்காத குறைதான்.

அவர் தேடியது ஒரு கரண்டி. மடத்துச் சமையல்காரர் சங்கிலிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி நான்கு நாளாகிறது. ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இரண்டு வாய் கஞ்சி இறங்கினால் அதிகம். "இப்படியே போனா மூக்குல குழாய் போடணும்" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அடுத்தவர் கையால் சாப்பிட மனசு ஒப்பவில்லை, அதுதான் விஷயம் என்று பூவராகன் முடிவுகட்டினார். இடது கையாலேயே அள்ளிச் சாப்பிட, கழுத்து வளைந்த கரண்டி கிடைத்தால் போதும்.

'இடது கை கரண்டி' என்று போனில் தட்டினார். இடது கை கிரிக்கெட் கையுறை வந்தது. 'வளைந்த கரண்டி' என்றார். ஜல்லிக்கரண்டி, தோட்டத்தில் மண் அள்ளும் கரண்டி, கரண்டி மாட்டும் கொக்கி. 'நோயாளி சாப்பிடும் கரண்டி' என்றார். நோயாளிக் கட்டில் வந்தது. அதற்குக் கீழே, 'இதையும் நீங்கள் விரும்பலாம்' என்று கரண்டிப் படம் போட்ட திரைச்சீலை. இரண்டு நாள் இதே கூத்து. கடைசியில் ஒன்று சரியாகத் தெரிந்து, வரவழைத்துப் பொட்டலத்தைப் பிரித்தால், முயல் பொம்மை வைத்த குழந்தைக் கரண்டி.

பூவராகன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மை முன்னால் போய் நின்றார்.

"கேட்டதைத் தவிர எல்லாம் வருதும்மா. ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு அது பாட்டுக்குக் கொட்டுது. நமக்கு என்ன வேணும்னு அதுக்கு ஏன் புரிய மாட்டேங்குது?"

அம்மை கரண்டியை வாங்கிப் பார்த்தார்.

"சங்கிலி அண்ணன் இதையா கேட்டார்?"

"அவர் எங்கேம்மா கேட்பார்? பேச்சே இல்லையே. கிண்ணத்தோட போனா 'எல்... எல்...'னு ஏதோ சத்தம்தான் வருது. எலுமிச்சையான்னு ஜூஸ் போட்டுக் கொடுத்தேன், தட்டிவிட்டார். எள்ளுருண்டையான்னு கேட்டேன். எலி ஓடுதான்னு கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பார்த்தேன். எலும்பு வலியான்னு தைலம் தேய்ச்சேன். கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டார். நான் என்னதான் பண்றது?"

"வாங்க, போவோம்."

மணி பதினொன்று. மற்றவர்கள் பந்தியில் உட்காருவதற்கு முன்பே சங்கிலிக்கு ஊட்டிவிடுவது வழக்கமாகியிருந்தது. பூவராகன் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

கிண்ணத்தைக் கண்டதும் சங்கிலியின் வாய் கோணியது.

"எ... எல்..."

"எலுமிச்சை ஊறுகாயா?" என்றார் பூவராகன்.

அம்மை அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சங்கிலியின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வாயையே பார்த்தார்.

"எல்... எல்லா..."

பூவராகன் வாயைத் திறந்தார். அம்மை திரும்பிப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. கஞ்சி ஆறி ஆடை கட்டியது. பூவராகனுக்கு எரிச்சலாக வந்தது. எழுந்து போய் வேறு பெயரில் தேடிப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. சங்கிலியின் நெற்றி நரம்பு புடைத்தது. எச்சில் வழிந்தது. அம்மை துடைத்துவிட்டு மறுபடியும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லா... ரும்... சாப்..."

அதற்கு மேல் வரவில்லை.

"இன்னும் இல்லண்ணே," என்றார் அம்மை. "யாரும் சாப்பிடல. இனிமேதான் இலை போடணும்."

சங்கிலி கண்ணை மூடிக்கொண்டார். முகம் தளர்ந்தது.

பதினெட்டு வருஷம் அந்த மடத்தில் சமைத்தவர். கடைசி இலை எடுக்கும்வரை அவர் ஒரு பருக்கை வாயில் போட்டு யாரும் பார்த்ததில்லை.

அன்று பந்தி முடிய ஒன்றரை மணி ஆயிற்று. அம்மை கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டதும் குனிந்து, "எல்லாரும் சாப்பிட்டாச்சுண்ணே" என்றார்.

சங்கிலி வாயைத் திறந்தார். பூவராகன்தான் ஊட்டினார். சூடுபண்ணிய கஞ்சி, ஒரு கிண்ணம் முழுசும் இறங்கியது. இன்னும் என்பதுபோல் சங்கிலி கிண்ணத்தைப் பார்த்தார்.

வெளியே வந்து கை கழுவும்போது பூவராகன் கேட்டார்.

"நானும் நாலு நாளா கேட்டுக்கிட்டேதானேம்மா இருந்தேன்? எனக்கு ஏன் புரியல?"

"எங்கே கேட்டீங்க?" என்றார் அம்மை. "அந்த போன் மாதிரி ஒண்ணு மாத்தி ஒண்ணு காட்டிக்கிட்டே இல்ல இருந்தீங்க."