நட்சத்திரத்துக்குப் பின்னால் ஓர் எழுத்து

"என் ரீஜெக்ஸ்ல தப்பே இல்ல மேடம். மூணு நாளா தலைகீழா நின்னு பாத்துட்டேன்."

சொல்லிவிட்டுத் தில்லைநாயகம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷமாகப் புரோகிராம் எழுதுகிறவர். தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான ஜெசிந்தாவிடம் கேட்க மனசு வருவதற்கே அந்த மூன்று நாளும் ஆயிற்று. ஆபீசில் அவளைக் குரு என்பார்கள். கேலிதான். ஆனால் மாட்டிக்கொண்டால் அங்கேதான் போவார்கள்.

விஷயம் இதுதான். ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் ரத்தப் பரிசோதனைப் பட்டியல் வரும். வரிக்கு ஒரு நோயாளி. வார்டு எண், கட்டில் எண். அவசரமென்றால் கடைசியில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்தில் முடியும் வரிகளைப் பொறுக்கி லேபுக்கு முதலில் அனுப்ப அவர் ஒரு சூத்திரம் எழுதியிருந்தார். ரீஜெக்ஸ் என்பது அதைத்தான். திங்கட்கிழமையிலிருந்து அது பட்டியலின் கடைசி வரியைத் தவிர வேறு எதையும் பொறுக்குவதில்லை.

"மிச்சத்த யார் பாக்கறா?"

"பரிமளான்னு ஒரு சிஸ்டர். கண்ணால பாத்து டிக் போடறாங்க. நேத்து ஒண்ண விட்டுட்டாங்க." அவர் குரல் இறங்கியது. "டயாலிசிஸ் பேஷண்ட். ஆள் பொழச்சுக்கிட்டார். சிஸ்டர் போன்ல அழறாங்க."

ஜெசிந்தா தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்தாள்.

"டெஸ்ட் பண்ணீங்களா?"

"நூறு வாட்டி. நானே பத்து வரி டைப் பண்ணி ஓட்டினேன். பத்தும் சிக்குது."

"ஆஸ்பத்திரி ஃபைல்ல ஒரு வரி வாசிங்க."

"சைபர், நாலு, சின்னக் கோடு, ஒண்ணு, ரெண்டு, ஸ்டார்."

"எத்தனை எழுத்து?"

"ஆறு."

"மெஷினக் கேளுங்க."

கேட்டார். ஏழு என்றது.

விரல் விட்டு எண்ணினார். ஆறுதான். மறுபடி கேட்டார். ஏழு.

"கடைசி வரி?"

ஆறு.

அவருக்கு எரிச்சலாக வந்தது. தூக்கமும் வந்தது.

"நீங்க டைப்ரைட்டிங் பாஸ் பண்ணவர்தானே சார்? வரி முடிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

பதில் சொல்லுமுன் இடது கை தானாக எழுந்து, காற்றில் எதையோ வலப்பக்கம் தள்ளியது. டைப்ரைட்டர் வண்டி வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். தாள் ஒரு வரி ஏறும்.

ஒரு தள்ளு. இரண்டு வேலை.

கை அப்படியே நின்றது.

"திங்கக்கிழமை வார்டுல புது கம்ப்யூட்டர் வெச்சாங்க," என்றார் மெதுவாக. "அது வரி முடியறப்ப ரெண்டு வேலைக்கும் கண்ணுக்குத் தெரியாத ரெண்டு குறி போடுது. திரும்பறதுக்கு ஒண்ணு, இறங்கறதுக்கு ஒண்ணு. என் மெஷின் இறங்கறது மட்டும்தான் போடும். ஸ்டாருக்கும் வரி முடிவுக்கும் நடுவுல அந்தத் திரும்பற குறி நிக்குது. கடைசி வரிக்குப் பின்னால தள்ள எதுவுமில்ல."

ஜெசிந்தா தலையசைத்தாள்.

"அப்ப என் ரீஜெக்ஸ்..."

"சரிதான் சார். நீங்க டைப் பண்ண வரிக்கு."

நடுவில் அந்தக் குறி இருந்தாலும் பொறுக்கும்படி திருத்தி ஓட்டினார். பதினான்கு நட்சத்திரங்கள்.

போனை எடுத்தார்.

"பரிமளா சிஸ்டர், நேத்து அந்தப் பேஷண்ட விட்டது நீங்க இல்ல. நான்."